வீட்டிற் கட்டிய விமானமும் அதன் மின்கலவடுக்கும்

ஆகாய விமானம் என்றதும் பெருந்தொழிற்சாலைகளும் அவற்றிற் பணிபுரியும் பல்லாயிரம் தொழிலாளருமே நம் மனக்கண் முன் தோன்றுதல் இயல்பு. ஆயினும் தம் வீட்டுக் கொட்டிலிலே, ஓய்வு நாட்களிலே, தம் கையாலேயே சிறு விமானம் ஒன்றை ஆக்கி, அதிலேறிப் பறப்போர் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் பலர் உளர். இவர்களை ஒருங்கு சேர்க்கும் பொருட்டுப் போல் பொபெரெஸ்னி என்பார் 1953 ஆம் ஆண்டிலே விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு சங்கத்தைத் தொடக்கினார். ரிச்சாட் வான்குரூன்சுவென் என்பார் 1973 ஆம் ஆண்டிலே தொடக்கிய ஒரெகன் மாநிலத்து நிறுவனம் விற்கும் உறுப்புத் தொகுதிகளைக் கொண்டு கட்டப்பட்ட 'ஆர்.வி.' வகை விமானங்கள் மாத்திரம் 11,000 இற்கு மேற்பட்டவை இதுவரை வானில் எழுந்துள்ளன. எனவே, இஃது ஒருசிலரின் விநோதப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடத்தக்கதன்று.

இத்தகைய விமானம் ஒன்றின் மின்கலவடுக்கு, அதாவது நாம் வழக்கிற் பற்றரி என்று கூறுவது, சில ஆண்டுகளில் நலிந்துபோகின்றது. அதற்கு மாற்றாக எதனைத் தெரிவது? தெரிந்ததை எங்ஙனம் பொருத்துவது? கேள்வி சிறிதாகத் தோன்றும். மோட்டார் வண்டிக்கெனின் கடைக்காரரிடம் வண்டியின் பெயரைக் கூறின் அவரே எடுத்துத் தருவார். வீட்டிற் கட்டிய விமானத்துக்கு அங்ஙனம் எடுத்துத் தருவார் ஒருவரும் இலர். இவ்வொரு கேள்விக்கு விடை காணப் புகுவோன் இரசாயனம், மின்னியல், நிலையியல் என்னும் மூன்றையும் ஒருங்கே கைக்கொள்ளவேண்டியவனாகின்றான். அவ்விடையை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

உரிமையும் பொறுப்பும்

தொழிற்சாலையில் ஆக்கப்பட்டு அரசினரின் தராதரப் பத்திரம் பெற்ற விமானத்தில், எந்தப் பற்றரியைப் பொருத்தலாம் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. ஒப்புதல் பெறாத பொருளை அதில் வைத்தல் சட்டத்துக்கு மாறு. கைவினைஞன் பட்டியலைப் பார்த்து மாற்றுவான். அப்பட்டியலின் பின்னால் நிற்கும் கணக்குக்கள் பிறர் செய்தவை.

வீட்டிற் கட்டிய விமானத்தின் நிலை வேறு. அமெரிக்கச் சட்டப்படி, தம் கல்வியின் பொருட்டோ பொழுதுபோக்கின் பொருட்டோ மாத்திரம் முயன்ற ஒருவர் விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே ஆக்கியிருப்பின், அது சோதனை விமானம் என்னும் பிரிவிற் பறக்க அனுமதிக்கப்படும். கல்வி என்னும் சொல் சட்டத்திலேயே இடம்பெற்றிருத்தல் ஆசிரியராகிய நாம் மகிழ்தற்குரியது. அவ்விமானத்தைப் பழுதுபார்க்கவும் உறுப்புக்களை மாற்றவும் உடையவருக்கு உரிமை உண்டு. பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நிகழவேண்டிய பரிசோதனையை மாத்திரம், அதனைக் கட்டி அதற்குரிய சான்றிதழ் பெற்றவரோ, உரிமம் பெற்ற விமானக் கைவினைஞரோ செய்தல் வேண்டும். பிரித்தானியாவில் நடைமுறை சற்று இறுக்கமானது. ஆங்கு வேலையை உடையவர் செய்யினும் பரிசோதகர் ஒருவர் பார்த்து ஒப்பமிடுதல் வேண்டும். பற்றரியின் வகையையே மாற்றுவதாயின் அது வடிவ மாற்றமாகக் கருதப்பட்டு முன் ஒப்புதலை வேண்டிநிற்கும்.

அமெரிக்காவில் இத்தகைய விமானத்தினுள்ளே, பயணிக்குத் தெரியும் இடத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கும். வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இவ்விமானம் அமைந்ததன்று என்பது அதன் கருத்து. அருகில் அமரும் மனைவியோ மகனோ நண்பனோ அவ்வறிவித்தலை வாசித்த பின்னரே அமர்கின்றான். தொழிற்சாலை சுமக்கும் பொறுப்பை ஈண்டுக் கட்டியவரே சுமக்கின்றார் என்பது இதனாற் பெறப்படும். பற்றரியைத் தெரிதலும் அப்பொறுப்பின் ஒரு கூறேயாம்.

பற்றரியின் இருவேறு பணிகள்

விமானத்திற் பற்றரி எதற்காக உளது? எஞ்சினைத் தொடக்குதற்கு என்பதே பலரும் கூறும் விடை. அது பாதி விடையே. தொடக்கும் மோட்டாரைச் சுழற்றுதல் அதன் முதற்பணி. பறக்குங்கால் மின்பிறப்பாக்கி நின்றுபோயின், விமானம் தரையை அடையும்வரை மின்னை வழங்குதல் அதன் இரண்டாம் பணி. இவ்விரண்டும் ஒன்றல்ல, ஒன்றிற் சிறந்த பற்றரி மற்றதிற் சிறந்ததாதல் வேண்டும் என்னும் நியதியும் இல்லை.

இதனைக் கணக்கினாற் காண்பாம். தொடக்கும் மோட்டார் 200 அம்பியர் ஓட்டத்தை 5 செக்கனுக்கு இழுக்கின்றது எனக் கொள்க. இழுத்த மின்னேற்றம் 1,000 கூலோம். ஓர் அம்பியர்-மணி 3,600 கூலோம் ஆதலின், இஃது ஏறக்குறைய 0.28 அம்பியர்-மணியே ஆகும். 16 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரிக்கு இது நூற்றுக்கு இரண்டு பங்கினும் குறைவு. ஆகவே எஞ்சினைத் தொடக்குதற்கு வேண்டியது பெருங் கொள்ளளவன்று, சிறிய அகத்தடையே. அகத்தடை 0.007 ஓம் ஆயின், 200 அம்பியர் பாயும்போது உள்ளே இழக்கப்படும் அழுத்தம் 1.4 உவோற்று, 12.8 உவோற்றில் 11.4 உவோற்று எஞ்சும். எஞ்சின் விரைந்து சுழலும். பற்றரி முதிர்ந்து அகத்தடை 0.020 ஓம் ஆயின் இழப்பு 4 உவோற்று, எஞ்சுவது 8.8 உவோற்றே. அப்போது மோட்டார் முனகும். மின்னணுப் பற்றவைப்புச் சாதனம் உடையதாயின், அது செயலிழத்தலும் கூடும்.

இரண்டாம் பணிக்கு வேண்டியது கொள்ளளவு. மின்பிறப்பாக்கி நின்ற பின் இன்றியமையாத கருவிகள் 10 அம்பியர் ஓட்டத்தை வேண்டுகின்றன எனக் கொள்க. 16 ஐப் பத்தாற் பிரித்து 96 நிமிடம் என்று மாணவன் விடை கூறுவான். அவ்விடை பிழை. பற்றரியின் மீது அச்சிட்ட கொள்ளளவு பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கும்போது கிடைப்பது, அஃதாவது 0.8 அம்பியர் வீதத்துக்குரியது. ஓட்டம் மிகுந்தால் ஈயப் பற்றரி தரும் மொத்த மின்னேற்றம் குறையும் என்பதை ஜெர்மானிய அறிஞர் பொய்க்கேட் 1897 ஆம் ஆண்டிலே ஒரு விதியாக வகுத்தார். 10 அம்பியர் வீதத்தில் 13 அம்பியர்-மணியே கிடைப்பதாகவும், ஆண்டுகள் சென்றதனால் அதிலும் ஐந்தில் ஒருபங்கு குறைந்துள்ளதாகவும் கொள்ளின், எஞ்சுவது 10.4 அம்பியர்-மணி; நேரம் 62 நிமிடம். மின்பிறப்பாக்கி நின்றதை விமானி உணரப் பத்து நிமிடம் கழியுமாயின் 52 நிமிடமே மிஞ்சும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். நாள்தோறும் எஞ்சினைத் தவறாது தொடக்கிவரும் பற்றரி நல்ல பற்றரி என்று நம்புதற்கு ஆதாரம் இல்லை. தொடக்குதற்கு வேண்டிய மின்னேற்றம் மிகச் சிறிதாதலின், கொள்ளளவிற் பாதியை இழந்த பற்றரியும் அப்பணியைச் செவ்வனே செய்யும். அதன் குறைபாடு வெளிப்படும் நாள், மின்பிறப்பாக்கி நின்ற நாளே.

முற்காலத்து விமானங்களில் இவ்விரண்டாம் பணி அத்துணை முதன்மை பெறவில்லை. லைக்கமிங் போன்ற எஞ்சின்கள் மக்னீற்றோ என்னும் சாதனத்தாற் பற்றவைப்பு மின்னைத் தாமே ஆக்கிக்கொள்வன. காபுரேற்றருடைய ரொட்டாக்ஸ் 912 எஞ்சினும் அவ்வாறே. அவற்றில் பற்றரி முற்றாக அற்றுப்போயினும் எஞ்சின் நில்லாது. இக்காலத்திற் கட்டுவோர் பலர் மின்னணுப் பற்றவைப்பையும், மின்னால் இயங்கும் எரிபொருட் பம்பியையும், திரைகளாலான கருவிப் பலகையையும் விரும்பி ஏற்கின்றனர். அவர்தம் விமானத்தில் மின் அற்றுப்போதல் எஞ்சினே அற்றுப்போதலாகும். எனவே மாற்றுப் பற்றரியைத் தேடுவோன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, எது மலிவு என்பதோ எது எடைகுறைந்தது என்பதோ அன்று. மின்பிறப்பாக்கி நின்றால் என் விமானம் எதனை வேண்டும், எத்துணை நேரம் வேண்டும் என்பதே. தராதரப் பத்திரம் பெறும் சிறு விமானங்களுக்கு அமெரிக்க விதிகள் நெடுங்காலம் குறைந்தது 30 நிமிடத்தை விதித்திருந்தன. வீட்டிற் கட்டியவரை அவ்விதி கட்டுப்படுத்தாதாயினும், தரையிறங்கத்தக்க இடம் அரிதான நிலப்பரப்பின் மேற் பறப்பவர் அதனிலும் மிகுதியை நாடுதலே தகும்.

ஈயமும் இலிதியமும்

இன்று தெரிவுக்குரியனவாக இரு குலங்கள் உள. முதலாவது ஈய-அமிலப் பற்றரி. பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859 ஆம் ஆண்டிலே இதனைக் கண்டார். நேர்த்தகட்டில் ஈயவீரொட்சைட்டும், மறைத்தகட்டில் ஈயமும், இடையில் ஐதான சல்பூரிக்கமிலமும் இருக்கும். மின் இறங்குங்கால் இரு தகடுகளிலும் ஈயசல்பேற்றுப் படியும். ஏற்றுங்கால் அது மீளக் கரையும். இறங்கிய நிலையில் நெடுநாள் கிடப்பின் சல்பேற்றுப் பெரும் பளிங்குகளாய் இறுகி மீளாது போகும். மாதக்கணக்கிற் பறக்காது கொட்டிலில் நிற்கும் விமானத்தின் பற்றரி சாதற்குப் பெருங்காரணம் இதுவே.

பழைய ஈயப் பற்றரியில் அமிலம் நீர்மமாய்த் தளம்பிக்கொண்டிருந்தது. இக்காலத்து வகையில் கண்ணாடி நாராலாய மெல்லிய பாய் அமிலத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கவிழ்ப்பினும் சிந்தாது, நீர் ஊற்றவும் வேண்டுவதில்லை. வீட்டிற் கட்டிய விமானங்களில் மிகுதியும் காணப்படும் ஒடிசி பி.சி.680 இவ்வகையினது. அதன் எடை ஏறக்குறைய 7 கிலோகிராம். கொள்ளளவு 16 அம்பியர்-மணி. பெயரில் உள்ள 680 என்னும் எண்ணைக் கொள்ளளவென மயங்கலாகாது. அது 5 செக்கனுக்கு மாத்திரம் தரக்கூடிய ஓட்டத்தின் அளவு. அஃதாவது முதற்பணியைப் பற்றிய எண். இரண்டாம் பணியைப் பற்றி அது யாதும் கூறுவதில்லை.

இரண்டாம் குலம் இலிதியப் பற்றரி. இதிலும் பல வகை உள. 2013 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் போயிங் 787 விமானங்கள் இரண்டில், ஒன்று பொஸ்ரனில் தரையில் நிற்கையிலும் மற்றது யப்பானில் பறக்கையிலும், பற்றரிகள் வெந்து புகைந்தன. உலகெங்கும் அவ்வகை விமானங்கள் நிறுத்தப்பட்டு, பற்றரியை உறுதியான உருக்குப் பெட்டியுள் அடைத்து வாயுவை வெளியே செலுத்தும் குழாய் அமைத்த பின்னரே அவ்வாண்டு ஏப்பிரலில் மீளப் பறக்க விடப்பட்டன. அப்பற்றரியின் நேர்முனைப் பொருள் இலிதியக் கோபாற்று ஒட்சைட்டு. சிறு விமானங்களுக்கென இன்று விற்கப்படுவனவோ பெரும்பாலும் இலிதிய இரும்புப் பொசுபேற்றினால் ஆனவை. இப்பொருளின் இயல்பை ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃப் என்பாரின் குழுவினர் 1997 இல் வெளியிட்டனர். இலிதியப் பற்றரி ஆராய்ச்சிக்காக அவருக்கு 2019 ஆம் ஆண்டு நோபற் பரிசில் ஒரு பங்கு வழங்கப்பட்டது. கோபாற்று வகையினும் இது வெப்பத்தைப் பெரிதும் தாங்கவல்லது. ஆயின் தீப்பற்றவே பற்றாதது என்று கொள்ளல் தவறு.

இரும்புப் பொசுபேற்றுக் கலம் ஒன்று ஏறக்குறைய 3.2 உவோற்று; நான்கை அடுக்கினால் 12.8 உவோற்று. ஈயக்கலம் ஆறு அடுக்கினாலும் ஏறக்குறைய அதே அளவு வருதலின், ஒன்றுக்கு மற்றது மாற்றாதல் கூடுகின்றது. எடையோ ஈயத்தின் மூன்றில் ஒரு பங்களவே. இதுவே பலரைக் கவர்வது. கவர்ச்சியின் நடுவே மூன்று செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, சில விற்பனையாளர் உண்மைக் கொள்ளளவைக் கூறாது, ஈயப் பற்றரிக்கு நிகரானது என்று தாமே மதித்த பெரிய எண்ணை அச்சிடுகின்றனர். எஞ்சினைத் தொடக்குதலில் மாத்திரமே அந்நிகர் பொருந்தும். இரண்டாவது, ஈயப் பற்றரியில் மின் குறையக் குறைய அழுத்தமும் படிப்படியாகக் குறைந்து விமானியை எச்சரிக்கும். இலிதியத்தில் அழுத்தம் ஏறக்குறைய மாறாதிருந்து இறுதியிற் சடுதியாக வீழும். ஆகவே உவோற்றுமானியைப் பார்த்து எஞ்சியதை மதித்தல் இயலாது. மூன்றாவது, உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் அதனை மின்னேற்றுதல் கலத்துக்குக் கேடு விளைக்கும்.

எடை குறைதலும் மையம் நகர்தலும்

எடை குறைதல் நன்மையே என்று ஐயமின்றிக் கூறுவோர் நிலையியலை மறந்தவராவர். விமானத்துக்கு எடை எவ்வளவு என்பதோடு, அவ்வெடையின் மையம் எங்குளது என்பதும் உயிர்நிலையான கேள்வி. புவியீர்ப்பு மையம் வரையறுத்த எல்லைக்குப் பின்னே செல்லின் விமானம் நிலையுறுதி இழக்கும். வேகம் குறைந்து சுழன்று வீழத் தொடங்கின் மீட்டல் அரிதாகும். முன்னே மிகின் தரையிறங்குங்கால் மூக்கைத் தூக்கப் பின்னிறகின் வலு போதாது. இருவர் செல்லும் சிறு விமானங்களில் அனுமதிக்கப்பட்ட முழு வீச்சும் ஏறக்குறைய 20 சதமமீற்றர் அளவினதே.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவாம். வெற்று எடை 500 கிலோகிராம். மையம் அளவைக்கோட்டிலிருந்து 2.000 மீற்றர், எனவே மொத்தத் திருப்பம் 1,000 கிலோகிராம்-மீற்றர். எஞ்சினுக்குப் பின்னுள்ள தீத்தடுப்புச் சுவரில், 1.20 மீற்றர் தூரத்தில் இருந்த 7.0 கிலோகிராம் பற்றரியை அகற்றி, 2.3 கிலோகிராம் பற்றரியை அவ்விடத்தில் வைக்கின்றோம். குறைந்த எடை 4.7 கிலோகிராம்; குறைந்த திருப்பம் 5.64. புதிய திருப்பம் 994.36; புதிய எடை 495.3, பிரித்தால் மையம் 2.0076 மீற்றர். அது 7.6 மில்லிமீற்றர் பின்னே நகர்ந்துவிட்டது. அதே மாற்றத்தை வாற்புறத்தில் 4.50 மீற்றர் தூரத்திற் செய்திருப்பின், குறையும் திருப்பம் 21.15, மையம் 1.9763 மீற்றருக்கு வரும், இது 23.7 மில்லிமீற்றர் முன்னகர்வு.

முன்னெடை மிகுந்த விமானத்துக்கு முற்பற்றரி இலேசாதல் நன்மை. பின்னெடை மிகுந்ததற்கு அதுவே தீமை. முன்னிருக்கையும் பின்னிருக்கையும் உடைய ஆர்.வி.8 வகையைக் கட்டுவோர், எஞ்சினின் எடையையும் சுழல்விசிறியின் எடையையும் நோக்கிப் பற்றரியை முன்னேயோ பின்னேயோ வைப்பது இக்காரணத்தாலேயே. ஆங்குப் பற்றரி மின்னூற்று மாத்திரமன்று; துலாக்கோலின் படிக்கல்லுமாம். ஆதலின் பழையதையும் புதியதையும் தராசில் நிறுத்து, திருப்பங்களைக் கணித்து, புதிய வெற்று எடையையும் மையத்தையும் விமானத்தின் ஏடுகளில் எழுதிய பின்னரே பறத்தல் முறை.

மின்பிறப்பாக்கியோடு இணக்கம்

பற்றரி தனித்து நிற்பதன்று. தன்னை ஏற்றும் பிறப்பாக்கியோடு ஒத்துப்போதல் வேண்டும். ஈயப் பற்றரி வெறுமையாகும்போது பெருகும் தன் தடையாற் புகும் ஓட்டத்தை ஓரளவு தானே மட்டுப்படுத்தும். இலிதியப் பற்றரியின் அகத்தடை மிகச் சிறிதாதலின், எஞ்சின் தொடங்கியவுடன் அது பெரும் ஓட்டத்தை ஆவலுடன் இழுக்கும். ரொட்டாக்ஸ் 912 எஞ்சினில் அமைந்த பிறப்பாக்கியின் வலு ஏறக்குறைய 250 உவாற்றே. அத்தகைய சிறு பிறப்பாக்கி அளவுக்கு மிஞ்சிய சுமையால் வெம்பிக் கெடலாம். எனவே பற்றரியை ஆக்கியோர் எத்துணை வலுவுள்ள பிறப்பாக்கிக்கு அதனைப் பரிந்துரைத்துள்ளனர் என்பதை வாங்குமுன் வாசித்தறிதல் வேண்டும்.

இலிதியப் பற்றரிகள் பலவற்றினுள்ளே காவற்சுற்று ஒன்று உண்டு. கலங்கள் மிகையாக இறங்கினும் மிகையாக ஏற்றப்படினும் அது பற்றரியை வெளிச்சுற்றிலிருந்து துண்டித்துவிடும். இக்காவல் கலத்தைக் காக்கும். விமானத்தைக் காக்குமோ என்பது வேறு கேள்வி. அழுத்தச் சீராக்கி பழுதுற்றுப் பிறப்பாக்கியின் அழுத்தம் கட்டுமீறி உயரும்போது பற்றரி தன்னைத் துண்டித்துக்கொள்ளின், உயர்ந்த அழுத்தத்தைத் தணிப்பாரின்றிக் கருவிகள் யாவும் அதற்கு இரையாகும். ஆகவே அழுத்தம் 16 உவோற்றை அணுகியவுடன் பிறப்பாக்கியை நிறுத்தும் மிகையழுத்தக் காப்பு இவ்விமானத்துக்கு இன்றியமையாதது. ஈயத்துக்கெனக் கட்டிய மின்சுற்றில் இலிதியத்தை வைப்போன் பற்றரியை மாத்திரம் மாற்றுவானல்லன். சுற்றின் ஒரு காவலையே மாற்றுகின்றான்.

பொருத்தும் முறை

தெரிவு முடிந்தபின் பொருத்தல். இங்கு நிகழும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தின் விளைவுகள். முதலிற் புதிய பற்றரியை அதற்குரிய மின்னேற்றியால் முழுதும் ஏற்றுக. தலைமை ஆளியும் பற்றவைப்பு ஆளிகளும் நிறுத்தப்பட்டுள்ளனவா என்று பார்க்க. விரலில் மோதிரமும் கையிற் கடிகாரமும் இருப்பின் கழற்றி வைக்க.

கழற்றும்போது மறைமுனையை முதலிலும், பூட்டும்போது மறைமுனையை இறுதியிலும் தொடுதல் வேண்டும். இதன் காரணம் எளிது. விமானத்தின் உலோக உடல் மறைமுனையோடு இணைந்திருக்கும். நேர்முனையைக் கழற்றும் ஸ்பானர் தற்செயலாக உடலிற் பட்டால், மறைமுனை இணைந்திருக்கும்வரை அது குறுஞ்சுற்றாகும். ஆயிரம் அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் பாய்ந்து உலோகம் உருகும். மறைமுனை முன்னரே விலக்கப்பட்டிருப்பின், ஸ்பானர் உடலிற் படினும் தீங்கில்லை.

புதிய பற்றரியில் நேர்முனை எப்பக்கம் உளது என்பதை உற்றுநோக்குக. அளவில் ஒத்த பற்றரிகளிலும் முனைகள் இடம் வலமாக மாறியிருத்தல் உண்டு. பழைய வடங்கள் இலகுவில் எட்டும் முனை சரியான முனையாதல் வேண்டும் என்பதில்லை. மாற்றி இணைப்பின் பிறப்பாக்கியின் இருவாயிகள் கணத்தில் அழியும்.

பற்றரி தன் பெட்டியில் அசையாது இருத்தல் வேண்டும். கடுமையாகத் தரையிறங்க நேர்ந்து, உடல் தன் எடையின் ஒன்பது மடங்கு விசைக்கு ஆளாயின், 7 கிலோகிராம் பற்றரி 63 கிலோகிராம் எடைபோல முன்னோக்கிப் பாயும். இருக்கைக்குப் பின்னே வைத்த பற்றரி அப்போது எவர்மீது பாயும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. புதிய பற்றரி சிறிதாயின், இடைவெளியைக் கடுதாசியாலும் கந்தையாலும் நிரப்பாது, ஏற்ற கட்டையோ புதிய பெட்டியோ செய்தல் வேண்டும்.

வடத்தின் முடிவிலுள்ள செப்புக் காது முனையோடு நேரே பொருந்துதல் வேண்டும். இடையில் வளையத்தகடு இடின் தடை மிகும். அத்தொடுகையின் தடை 0.005 ஓம் மாத்திரமே ஆயினும், 200 அம்பியரில் அது 1 உவோற்றை விழுங்கி 200 உவாற்று வெப்பமாக்கும். ஆகவே துருவையும் அழுக்கையும் நீக்கி, ஆக்கியோர் கூறிய இறுக்கத்துக்கு முடுக்குக. விறைத்த வடம் அதிர்வினால் முனையையே முறித்துவிடும் ஆதலின், பல மெல்லிழைகளாலான வளையும் வடமே உகந்தது. நேர்முனையை இறப்பர் உறையால் மூடுக.

பற்றரியின் நேர்வடம் முதலிற் சென்று சேர்வது மின்காந்த ஆளி ஒன்றையே. அது பற்றரிக்கு மிக அண்மையில் இருத்தல் வேண்டும். விபத்து நேரும்போது விமானி தலைமை ஆளியை நிறுத்தின், அம்மின்காந்த ஆளிக்கு அப்பாலுள்ள வடம் மாத்திரமே மின் இழக்கும்; இப்பாலுள்ள வடம் உயிரோடு இருக்கும். பற்றரியை வாற்புறத்துக்கு மாற்றி, ஆளியைப் பழைய இடத்திலேயே விடுவோன், சிந்திய பெற்றோலின் ஊடே உயிருள்ள நீண்ட வடத்தை விட்டவனாவான்.

காற்றுவழியையும் மறத்தலாகாது. மிகையாக ஏற்றப்படும் ஈயப் பற்றரி ஐதரசனை வெளிவிடும். வளியில் நூற்றுக்கு நான்கு பங்கு ஐதரசன் கலந்தாலே ஒரு பொறியால் வெடிக்கும். உறிஞ்சிய அமிலமுடைய வகை இயல்பாக வாயுவைத் தன்னுள்ளேயே மீள நீராக்குமாயினும், மிகையேற்றத்தில் அதன் அடைப்பிதழும் திறக்கும். இலிதியப் பற்றரி இருக்கையறையுள் வைக்கப்படின், குழாயுள்ள வகையைத் தெரிந்து, குழாயை உடலின் வெளியே செலுத்துதல் அறிவுடைமை. 787 விமானத்தின் வரலாறு உணர்த்தியதும் இதுவே.

சோதனையும் பதிவும்

பொருத்தியபின் எஞ்சினைத் தொடக்கி, ஏற்றும் அழுத்தத்தை உவோற்றுமானியால் அளக்க. பி.சி.680 போன்றவற்றுக்கு 14 உவோற்றுக்குச் சற்று மேற்பட்ட அளவு இயல்பானது. பற்றரியை ஆக்கியோர் தந்த எல்லையுள் அது அமைந்துளதா என்று ஒப்பிடுக. முதற்பறப்பை ஓடுபாதையின் அண்மையிலேயே, பகலில், தனித்து நிகழ்த்துக. பழைய ஈயத்தை எறியாது மீளுருக்குவோரிடம் ஒப்படைக்க. திகதி, வகை, எடை, புதிய மையம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி ஒப்பமிடுக.

அதன்பின் ஆண்டுதோறும் கொள்ளளவைச் சோதித்தல் வேண்டும். ஈயப் பற்றரியாயின் முழுதும் ஏற்றி, அறிந்த மாறா ஓட்டத்தில் இறக்கி, அழுத்தம் 10.5 உவோற்றை அடையும்வரை சென்ற நேரத்தைக் குறிக்க. புதிதாய் இருந்தபோது கிடைத்த நேரத்தின் நூற்றுக்கு எண்பது பங்கினும் அது குறையுமாயின், எஞ்சின் எத்துணை இனிதாகத் தொடங்கினும் அப்பற்றரியை ஓய்வுகொடுத்தனுப்புதலே பலரும் கைக்கொள்ளும் முறை. இலிதியத்துக்கு ஆக்கியோரின் சோதனை முறையைப் பின்பற்றுக.

ஒரு பொருளுக்கு மாற்றாக இன்னொன்றை வைக்கும்போது, அளவொத்தால் யாவும் ஒத்தது என எண்ணுதல் மக்களின் இயல்பு. பற்றரி பெட்டியுள் அடங்குகின்றது என்பது ஒப்புமைகளுள் மிக அற்பமானது. அதன் எடை விமானத்தின் மையத்தோடும், அதன் தடை தொடக்கும் மோட்டாரோடும், அதன் கொள்ளளவு விமானியின் எஞ்சிய நிமிடங்களோடும், அதன் ஏற்றம் பிறப்பாக்கியோடும், அதன் வாயு இருக்கையறையின் காற்றோடும் தொடர்புடையன. இத்தொடர்புகளை முன்னரே தேடிக் கணக்கிட்டவன் அருகில் அமரும் பயணியிடம் அவ்வறிவித்தலை அச்சமின்றிக் காட்டலாம். நம் மாணவர் ஓமின் விதியையும் திருப்பங்களின் விதியையும் பரீட்சைக்கெனக் கற்று மறுநாள் மறத்தல் கண்கூடு. ஒருவன் தான் கட்டிய இயந்திரத்தில் தன் மகனை ஏற்றிக்கொண்டு மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் வேளையில், அவ்விரு விதிகளுமே அவனைத் தாங்கி நிற்பன என்பதை அவர்க்கு எடுத்துரைத்தல் நம் கடனாம்.